கூலண்டா, தேங்காய் எண்ணெயா? வேலூர் தண்ணியில ஒரு வீட்டு லேத்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வர்ற திரும்பச் சொல்லல்களை வெட்டி, வரிசையைக் கொஞ்சம் மாத்தியிருக்கோம்.)

போன மாசம் வீட்டு லேத் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு இன்பாக்ஸ்ல அதிகம் வந்த கேள்வி ஒண்ணுதான்: "என்ன கூலண்ட் வாங்கணும்?" சிலர் ஆன்லைன்ல 5 லிட்டர் கேன் கார்ட்ல போட்டுட்டுக் கேட்கறாங்க. சிலர் வீட்ல இருக்கற தேங்காய் எண்ணெய் போதுமான்னு கேட்கறாங்க. ரெண்டுமே நல்ல கேள்வி. ஆனா எந்த உலோகம், எவ்வளவு வேகம், எந்தத் தண்ணின்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. கடைசியா சொன்ன அந்தத் தண்ணி விஷயம் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கறவங்களுக்கு ரொம்பவே முக்கியம். ஏன்னு போகப்போகத் தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சாப்ட்வேர் ஆளு. பகல்ல கோடு, ராத்திரியும் ஞாயிறும் லேத். பட்டறை அண்ணன்கள் முப்பது வருஷமா கையால தெரிஞ்சு வெச்சிருக்கற விஷயத்தை, ஏன் அப்படின்னு விளக்கறதுதான் இந்த எபிசோட்.

கூலண்ட் செய்யற ரெண்டு வேலை

உலோகத்தை வெட்டும்போது சூடு ரெண்டு இடத்துல பிறக்குது. ஒண்ணு, உலோகம் வளைஞ்சு கிழிஞ்சு சுருளா மாறற இடம். இன்னொண்ணு, அந்தச் சுருள் டூலோட முகத்துல தேய்ச்சுக்கிட்டுப் போற இடம். வேகமா வெட்டும்போது பெரும்பகுதி சூடு சுருளோடவே பறந்துடும். மீதி டூல் முனைக்கும் வேலைப்பொருளுக்கும் போகும். எச்எஸ்எஸ் டூல் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தாண்டினா கடினத்தன்மையை இழக்க ஆரம்பிக்கும். முனை நீலமாகி மழுங்கிடும்.

அதனால நாம ஊத்தற திரவத்துக்கு ரெண்டு வேலை: சூட்டை எடுத்துக்கிட்டுப் போகணும், உராய்வைக் குறைக்கணும். தண்ணி முதல் வேலையில ராஜா. ஒரே எடை தண்ணி, எண்ணெயை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கும். சூட்டைக் கடத்தறதுல நாலு மடங்குக்கு மேல வேகம். ஆனா வழுக்காது, துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அப்படியே தலைகீழ்.

அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1883-ல ஒரு சோதனை பண்ணார். வெட்டற இடத்துல வெறும் தண்ணியைத் தாராளமா ஊத்தினதுக்கே வெட்டும் வேகத்தை 30–40 சதவீதம் கூட்ட முடிஞ்சது. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கூலண்ட் வேதியியல் முழுக்க ஒரே சமரசம்தான்: தண்ணியோட குளிர்ச்சியும் வேணும், எண்ணெயோட வழுக்கலும் வேணும், துருவும் வரக்கூடாது.

இதுலேர்ந்து ஒரு எளிய விதி. மெதுவா நடக்கற வேலைக்கு, அதாவது டேப் அடிக்கறது, ரீமர் போடறது, திரெட் வெட்டறது, இதுக்கெல்லாம் வழுக்கல் முக்கியம், எண்ணெய் போடுங்க. வேகமா, நிறைய உலோகம் எடுக்கற வேலைக்குக் குளிர்ச்சி முக்கியம். தண்ணி கலந்தது போடுங்க.

கடையில கிடைக்கற நாலு வகை

ஒண்ணு, நீட் கட்டிங் ஆயில். தண்ணி கலக்காம அப்படியே போடறது. இதுல கந்தகமோ குளோரினோ சேர்ந்த பொருள் இருக்கலாம். வெட்டற இடத்தோட சூட்டுல அது இரும்போட வினை புரிஞ்சு ஒரு மெல்லிய படலம் ஆகும். சுருள் டூலோட பத்திக்காம அந்தப் படலம் தடுக்கும்.

ரெண்டு, சொல்யூபிள் ஆயில். தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையாகும். லேத் பட்டறையில நீங்க பார்க்கற அந்த வெள்ளைத் தண்ணி இதுதான். மூணு, செமி சிந்தெடிக்: எண்ணெய் குறைவு, கொஞ்சம் கண்ணாடி மாதிரி தெரியும். நாலு, சிந்தெடிக்: எண்ணெயே கிடையாது, கிரைண்டிங் வேலைக்கு அதிகம்.

பேர்ல 'சொல்யூபிள்'னு இருந்தாலும் எண்ணெய் தண்ணியில கரையறதில்லை. பொடிப்பொடித் துளிகளா மிதக்குது, அவ்வளவுதான். அந்தத் துளிகளை ஒண்ணோட ஒண்ணு சேரவிடாமப் பிடிச்சு வெச்சிருக்கறது எமல்சிஃபையர். அதோட ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு முனை தண்ணியைப் பிடிக்கும்.

இதே வேதியியல் டேனரியிலயும் இருக்கு

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசே இல்ல. டேனரியில வேலை பார்த்த யாரையாவது கேளுங்க, ஃபேட் லிக்கர்னு சொல்வாங்க. குரோம்ல பதப்படுத்தின தோலை அப்படியே காய வெச்சா அட்டை மாதிரி விறைச்சுடும். நாருக்கு நாரு நடுவுல எண்ணெய் போகணும். வெறும் எண்ணெய் ஈரத் தோலுக்குள்ள இறங்காது. அதனால எண்ணெயைத் தண்ணியில பால் மாதிரி கலக்கி, டிரம்முக்குள்ள தோலோட போட்டுச் சுத்துவாங்க. ஆமணக்கு எண்ணெயையோ மீன் எண்ணெயையோ கந்தக அமிலம் மாதிரியான பொருளோட வினைபுரிய வெச்சா அது தண்ணியோட சேரற குணம் பெறும். அதுதான் ஃபேட் லிக்கரோட பழைய அடிப்படை. நம்ம சொல்யூபிள் ஆயில்லயும் பெட்ரோலியம் சல்ஃபனேட்னு கிட்டத்தட்ட அதே குடும்பத்துப் பொருள்தான் எமல்சிஃபையரா ரொம்ப நாளா இருக்கு.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். டேனரிக்காரருக்கு அந்தப் பால் கடைசியில உடையணும். அதுக்குன்னே ஃபார்மிக் அமிலம் ஊத்துவாங்க. எமல்ஷன் உடைஞ்சு எண்ணெய் நாருல ஒட்டிக்கும். லேத்காரருக்கு அது உடையவே கூடாது. டேங்க்ல மாசக்கணக்கா பாலாவே இருக்கணும்.

அப்போ எது எமல்ஷனை உடைக்கும்? அமிலம், உப்பு, கால்சியம், மக்னீசியம். இப்ப நம்ம போர்வெல் தண்ணியை நினைச்சுப் பாருங்க.

தண்ணிதான் பாதி கூலண்ட்

பாதின்னு சொன்னதே தப்பு. 5 சதவீதக் கலவையில 95 பங்கு தண்ணி. நீங்க எவ்வளவு விலை குடுத்து கான்சென்ட்ரேட் வாங்கினாலும், டேங்க்ல சுத்தறது உங்க ஊர்த் தண்ணிதான்.

பாலாற்றுப் படுகையோட கதை தெரியும். பச்சைத் தோல் கெடாம இருக்கச் சாதாரண உப்பைத் தடவித்தான் வரும். டேனரியில முதல் வேலையே அந்த உப்பை ஊற வெச்சுக் கழுவறது. பல வருஷமா அந்த உப்புத் தண்ணி மண்ணுல இறங்கிச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போட்ட மனுவுல 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைகள் இருக்கற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ பயிர் செய்ய லாயக்கில்லாமப் போனதா ஒரு கணக்கெடுப்பை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுது. 'மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்'ங்கற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு சொன்னது இதே தீர்ப்புதான். சட்டம் படிக்கற எல்லாருக்கும் வேலூர்னாலே இந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

கூலண்டுக்கு இதுல என்ன சம்பந்தம்? கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தா எமல்சிஃபையரோட சேர்ந்து சோப்பு அழுக்கு மாதிரி மேல திரண்டு மிதக்கும், கலவை உடையும். குளோரைடு அதிகம் இருந்தா, கூலண்ட்ல இருக்கற துருத் தடுப்பான் எவ்வளவு பாடுபட்டாலும் வேலைப்பொருள் துருப்பிடிக்கும். இன்னொரு சிக்கல்: டேங்க்லேர்ந்து தண்ணி மட்டும் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். நீங்க மறுபடி அதே தண்ணியை ஊத்த ஊத்த உப்பு ஏறிக்கிட்டே போகும். அடுப்புல ரசம் சுண்டற மாதிரிதான்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணுங்க, ரெண்டும் இலவசம். முதல் சோதனை: ஒரு கண்ணாடி பாட்டில்ல 95 மில்லி உங்க தண்ணி, அதுல 5 மில்லி கான்சென்ட்ரேட், நல்லா குலுக்கி ஒரு நாள் வைங்க. மேல தயிராடை மாதிரி திரண்டா அந்தத் தண்ணி வேணாம். ரெண்டாவது: வார்ப்பிரும்புத் துருவலைக் கொஞ்சம் ஒரு ஃபில்டர் தாள் மேல பரப்பி, கலவையை நனையற அளவு ஊத்தி, மூடி ரெண்டு மணி நேரம் விடுங்க. துருவலைத் தட்டிட்டுத் தாளைப் பாருங்க. பழுப்புப் புள்ளி எவ்வளவோ, உங்க லேத் பெட் மேலயும் அவ்வளவு துரு வரும். தொழிற்சாலைகள்ல பண்ற சோதனையோட வீட்டு வடிவம் இது.

டிடிஎஸ் மீட்டர் மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. அது மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மை எவ்வளவுன்னு தனியா சொல்லாது. சோப்பு நுரைக்குதான்னு பாருங்க. பாட்டி காலத்துச் சோதனைதான், ஆனா சரியான சோதனை.

தீர்வு சுலபம். ஆர்ஓ தண்ணி, இல்லன்னா ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணி. ஏசி தண்ணி காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து வந்தது, அதனால தாது உப்பு ரொம்பக் குறைவு. துணியில வடிகட்டி, அன்னன்னைக்கே கலந்துடுங்க. சேர்த்து வெச்சா பாசி பிடிக்கும். உப்பே இல்லாத தண்ணியில சில கூலண்ட் அதிகமா நுரைக்கும். பம்ப் வெச்சுச் சுத்தறவங்க முதல் தடவை கொஞ்சம் சாதாரணத் தண்ணியைக் கலந்துக்கலாம். மேற்கொண்டு ஊத்தறது ஆர்ஓவா இருக்கட்டும்.

கலக்கற வரிசை: தண்ணி முதல்ல, எண்ணெய் கடைசியில, கிளறிக்கிட்டே. மாத்தி ஊத்தினா எண்ணெய்க்குள்ள தண்ணித்துளி மாட்டிக்கிட்டு வெண்ணெய் மாதிரி கெட்டியாகும். அளவைப் பொறுத்தவரை, சாதாரண டர்னிங், மில்லிங் வேலைக்கு 5 சதவீதம் அளவு. கடினமான வேலைக்கு 8–10. கேன் மேல போட்டிருக்கறதுதான் இறுதி வார்த்தை.

எந்த உலோகத்துக்கு எது

மைல்டு ஸ்டீல், ஈஎன்8: எதுவும் சரி. லேத்ல சொல்யூபிள் ஆயில், டேப் அடிக்க நீட் ஆயில்.

வார்ப்பிரும்பு: வெறுமனே வெட்டுங்க. அதுக்குள்ளயே கிராஃபைட் இருக்கு, அதுவே வழுக்கும். திரவம் ஊத்தினா தூளோட சேர்ந்து சேறாகி, லேத் வழித்தடத்தைத் தேய்க்கற பேஸ்ட் ஆகிடும்.

பித்தளை: இதுவும் வெறுமனே. கந்தகம் சேர்ந்த எண்ணெய் பட்டா கறுத்துடும். செம்புக்கும் அதே எச்சரிக்கை.

அலுமினியம்: பிரச்சினை சூடு இல்ல, ஒட்டல். டூல் முனையில அலுமினியம் அப்பிக்கும், அப்புறம் பரப்பு முழுக்கக் கீறல். பட்டறையில சீமெண்ணெய் தடவுவாங்க, நல்லாவே வேலை செய்யும். ஆனா சீமெண்ணெயோட தீப்பற்று நிலை 35–40 டிகிரி வாக்குல ஆரம்பிக்குது. கத்திரி வெயில்ல வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். அதாவது மே மாச மதியத்துல, ஷெட்டுக்குள்ள திறந்து வெச்ச சீமெண்ணெய்க் கிண்ணம் ஒரு பொறிக்காகக் காத்திருக்கு. பக்கத்துல கிரைண்டர் ஓடினா கேட்கவே வேணாம். பிரஷ்ல ரெண்டு சொட்டு, கிண்ணத்துக்கு மூடி. இல்லன்னா சொல்யூபிள் ஆயில் போதும். காரத்தன்மை அதிகமான கூலண்ட் அலுமினியத்தைக் கறைப்படுத்தும், வேலை முடிஞ்சதும் துடைச்சிடுங்க.

எஸ்எஸ் 304: இதுதான் எல்லாரையும் அழ வைக்கற உலோகம். டூல் தேய்ச்சுக்கிட்டே நின்னா, அந்த இடம் அழுத்தத்துல இறுகி இன்னும் கடினமாகிடும். கந்தகம் சேர்ந்த நீட் ஆயில், குறைஞ்ச வேகம், விடாத அழுத்தம். ஒரு கணக்கு சொல்றேன். எச்எஸ்எஸ் பிட்டுக்கு மைல்டு ஸ்டீல்ல நிமிஷத்துக்கு சுமார் 30 மீட்டர் வேகம். 10 மில்லிமீட்டர் பிட்டுக்கு அது 950 ஆர்பிஎம். 304-க்கு அதுல பாதிதான். ஆனா கை டிரில் 2,800 ஆர்பிஎம்ல சுத்துது, நிமிஷத்துக்கு 88 மீட்டர். அங்க எந்த எண்ணெய் ஊத்தினாலும் பிட் தப்பாது. முதல்ல வேகத்தைக் குறைங்க, அப்புறம் எண்ணெய் பத்திப் பேசலாம்.

மக்னீசியம்: வீட்ல வேணாம். அதோட துருவல் தீப்பிடிச்சா தண்ணி அதைப் பெருசாக்கும்.

தேங்காய் எண்ணெய் வழக்கு

இப்ப மெயின் கேள்விக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் வேலை செய்யுமா? செய்யும். தாவர எண்ணெயோட மூலக்கூறுக்கு உலோகத்தைப் பிடிச்சுக்கற ஒரு முனை இருக்கு. மெதுவான வேலையில அந்தப் பிடிப்புதான் உராய்வைக் குறைக்கும். டேப் அடிக்க, சின்ன ஓட்டை போட, வீட்ல இருக்கறதுலயே நல்ல எண்ணெய் அதுதான். விளக்கெண்ணெய் இன்னும் கெட்டி, இன்னும் நல்லா ஒட்டும். தேங்காய் எண்ணெய் காத்துல சீக்கிரம் பிசினாகாது. ஆனா சூரியகாந்தி எண்ணெய் மெஷின் மேல தங்கினா கொஞ்ச நாள்ல கோந்தாகிடும். எதைப் போட்டாலும் வேலை முடிஞ்சதும் துடைங்க.

என் பரிந்துரை: மாசத்துக்கு நாலு ஞாயிறு வேலை செய்யறவங்களுக்கு பம்ப் வெச்ச கூலண்ட் சிஸ்டமே தேவையில்ல. 100 மில்லி நீட் கட்டிங் ஆயில், ஒரு பிரஷ், ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சம் சொல்யூபிள் ஆயில் கலவை. அவ்வளவுதான். கூலண்ட் டேங்க்ங்கறது ஒரு சர்வர் மாதிரி. வாங்கி வெச்சா போதாது, தினமும் கவனிக்கணும். கவனிக்காத டேங்க்ல மெஷின் எண்ணெய் மேல படிஞ்சு காத்தை மூடும். காத்து இல்லாத இடத்துல வாழற பாக்டீரியா பெருகி, கந்தகப் பொருளைத் தின்னு, அழுகின முட்டை நாத்தத்தை விடும். திங்கட்கிழமை காலையில பட்டறை திறக்கும்போது வர்ற அந்த நாத்தம் இதுதான்.

கேட்டவங்களுக்குப் பதில்

"அண்ணா, பைக்ல வடிச்ச பழைய இன்ஜின் ஆயில் போடலாமா?" வேணாம்ப்பா. இன்ஜின்ல வெந்து வெந்து அதுல புற்றுநோய் உண்டாக்கற பொருட்கள் சேர்ந்திருக்கும். சூடான டூல் மேல பட்டு எழும்பற புகையை நீங்கதான் சுவாசிக்கப் போறீங்க. மிச்சமாகற ஐம்பது ரூபாய்க்கு அது தேவையில்ல.

"கார்பைடு இன்செர்ட் போட்டிருக்கேன், அப்பப்போ ஸ்ப்ரே அடிச்சா போதுமா?" அப்பப்போ அடிக்கறதுதான் கெடுதல். சூடான கார்பைடு திடீர்னு குளிர்ந்தா மயிரிழை விரிசல் விழும். ஒண்ணு, தொடர்ந்து ஊத்துங்க. இல்லன்னா ஊத்தவே ஊத்தாதீங்க.

"கை எல்லாம் அரிக்குது." கலவை காரத்தன்மை உள்ளது, பிஎச் 9 பக்கம் இருக்கும், தோலோட இயற்கையான எண்ணெயைக் கழுவிடும். கூடவே பொடி உலோகச் சில் கீறும். கலவையை ரொம்பக் கெட்டியா வெச்சிருந்தா இன்னும் மோசம். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய் தடவுங்க. கலக்கும்போது கையுறை போடுங்க. ஆனா சுத்தற லேத் முன்னாடி கையுறை வேண்டவே வேண்டாம், கையோட இழுத்துக்கும். ஸ்ப்ரே மூட்டத்தைச் சின்ன ரூம்ல சுவாசிக்காதீங்க. ஜன்னலைத் திறங்க.

"குளோரின் சேர்ந்த எண்ணெய் நல்லதுன்னு சொல்றாங்களே?" வெட்டறதுக்கு நல்லதுதான். ஆனா அதுல பயன்பட்ட குறுஞ்சங்கிலி குளோரினேற்றப் பாரஃபின், சுற்றுச்சூழல்ல அழியாம உடம்புல சேர்ற பொருள். 2017-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தோட தடைப் பட்டியல்ல சேர்த்தாங்க. தோல் பதனிடறதுலயும் இதே பொருள் பயன்பட்டிருக்கு. குளோரின் இல்லாததுன்னு கேன் மேல போட்டிருக்கறதைப் பார்த்து வாங்குங்க.

கடைசிக் கேள்வி: எங்க ஊத்தறது?

இதைப் பத்திக் கேட்டவர் ஒரே ஒருத்தர்தான், ஆம்பூர்லேர்ந்து. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

பழைய கூலண்ட்ல எண்ணெய் இருக்கு, அமீன் இருக்கு, கிருமிக்கொல்லி இருக்கு, நீங்க வெட்டின உலோகத்தோட தூளும் இருக்கு. அதைச் சாக்கடையில விட்டா பாலாறு பக்கம்தான் போகும். மண்ணுல ஊத்தினா உங்க போர்வெல்லுக்கே போகும். தொழிற்சாலைக்கு 2016-ம் வருஷ அபாயகரக் கழிவு விதிகள் இருக்கு. வீட்டுப் பட்டறையை வந்து பார்க்க யாரும் வரமாட்டாங்க. அதனாலதான் இது நம்ம பொறுப்பு.

உப்பு போட்டா எமல்ஷன் உடையும், எண்ணெய் மேல வரும், அள்ளிடலாம். வேதியியலா சரி. ஆனா கீழ மிஞ்சற உப்புத் தண்ணியை என்ன பண்றது? உப்பால கெட்ட மண்ணுக்கு இன்னும் உப்பா? நான் செய்யறது வேற. அகலமான பழைய டிரே, அடியில கசியாத ஷீட், மழை படாம மேல ஒரு தகரம், நாயும் குழந்தையும் வராத மொட்டை மாடி மூலை. நம்ம ஊர் வெயில்ல தண்ணி சில நாள்ல ஆவியாகும். டேனரிகள் உப்புத் தண்ணியைப் பாத்தியில காய வெச்ச அதே முறைதான். அடியில மிஞ்சற பிசுக்கை மூடி போட்ட கேன்ல சேர்த்து வெச்சு, அங்கீகாரம் உள்ள பழைய எண்ணெய் சேகரிப்பாளர்கிட்ட குடுக்கணும். பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட கிடைக்கும். பக்கத்துல நல்ல மெஷின் ஷாப் இருந்தா, அவங்க கழிவோட சேர்த்துக்குவாங்களான்னும் கேட்டுப் பாருங்க.

20 லிட்டர் கலக்கினா 20 லிட்டருக்கும் நீங்கதான் கணக்கு. ஒரு பிரஷ் எண்ணெய்ல முடியற வேலைக்கு டேங்க் வேணாம்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

அடுத்த எபிசோட்ல டூல் அரைக்கறது, பெஞ்ச் கிரைண்டர்ல கோணம் எப்படிப் பிடிக்கறதுன்னு பேசுவோம். உங்க ஊர்த் தண்ணியில அந்த 95-க்கு 5 சோதனையைப் பண்ணி, ஒரு நாள் கழிச்சு ஃபோட்டோ அனுப்புங்க. எந்த ஏரியா, போர்வெல்லா, காவேரித் தண்ணியா, ஆர்ஓவான்னு எழுதுங்க. நிறைய வந்தா ஊர்வாரியா ஒரு பட்டியல் போட்டுடலாம். பார்க்கலாம் மக்களே.